மூன்று கட்டைக்கு ஒரு கரண்டி தேன்

மூன்று கட்டைகள் பேசவில்லை.

தீனதயாளன் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார். இந்தப் பக்கத்துக் கட்டை பாடியது. அந்தப் பக்கத்துக் கட்டை பாடியது. நடுவில் மூன்று மட்டும் 'டொக்' என்றன. அதில் ஒன்று உள்ளே போனால் யோசித்து யோசித்துத்தான் மேலே வந்தது.

"கண்ணகி! இங்க வந்து பாரேன். மூணு கட்டை அவுட்டு!"

சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த கண்ணகி, முகத்தைக் கவலையாக மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அய்யய்யோ! நேத்துகூட நல்லா வாசிச்சிக்கினு இருந்தீங்களே. இன்னா ஆச்சி?"

"தெரியலையே. எலி கிலி பூந்திருக்குமோ?"

"இருக்கும் இருக்கும். கரும்பு வெட்டு நடக்குதில்ல? எல்லா எலியும் ஊருக்குள்ளதான் வருது."

சங்கராபுரத்து எலிகள் எத்தனையோ தப்பு செய்திருக்கும். இதைச் செய்யவில்லை. அன்றைக்கு மத்தியானம் தீனதயாளன் கரும்புக் கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில், கண்ணகி ஒரு கரண்டி தேனை எடுத்துவந்து, ஊதுவத்திக் குச்சியால் தொட்டுத் தொட்டு, அந்த மூன்று கட்டைகளின் இடுக்கிலும் இறக்கியிருந்தாள். அவசரமில்லாமல், சிந்தாமல், சுத்தமாகச் செய்த வேலை.

எந்த மூன்று கட்டை என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. தினமும் சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "எங்க சுபா, ஆரம்பி" என்று அவர் தட்டுகிற மூன்று கட்டைகள் அவை. அங்கே தட்டினால்தான் அந்தப் பக்கம் சுபஸ்ரீ வாயைத் திறப்பாள்.

தீனதயாளன் வாசிக்கிற இன்னிசைக் குழுவில் சுபஸ்ரீ பாட வந்து எட்டு மாதம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் வீடு. நல்ல குரல், நல்ல நிறம், நல்ல சிரிப்பு. இதில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் கண்ணகி பொறுத்திருப்பாள். அவள் தீனதயாளனை 'அண்ணே' என்றாள். அது சரி. ஆனால் கண்ணகியை 'அக்கா' என்றாள். அங்கேதான் உதைத்தது. அவர் அண்ணன் என்றால் இவள் அண்ணியாக அல்லவா இருக்க வேண்டும்? இவள் அக்கா என்றால் அவர் மாமா ஆகிவிடுகிறாரே! கண்ணகி இந்த உறவுமுறையை எட்டு மாதமாக எப்படி எப்படியோ திருப்பிப் பார்த்துவிட்டாள். அவர் மாமாவாகத்தான் வந்து நிற்கிறார்.

அந்தத் தேனும் அவள் கொடுத்ததுதான். "எங்க மாமியார் வூட்டு மலைத்தேனுக்கா" என்று போன மாதம் ஒரு பாட்டில் நீட்டினாள். அன்றிலிருந்து இந்த மனுஷனுக்கு இட்லிக்கும் தேன், தோசைக்கும் தேன். "சுபா குடுத்த தேனு மாதிரி வராது" என்று நக்கிக்கொண்டே வேறு சொன்னார். இருபது வருஷமாக இவள் அரைத்துப் போட்ட சட்னியைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

வருகிற சனிக்கிழமை வெள்ளிமலையில் கோயில் திருவிழாக் கச்சேரி. குழுவே மலைமேல் தங்கிவிட்டு மறுநாள்தான் இறங்கும். கீபோர்டு ஊமையானால் குழுத்தலைவர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்; தன் புருஷன் வீட்டோடு கிடப்பார். இதுதான் கண்ணகியின் திட்டம். அதில் ஓட்டை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"கச்சேரிய வுட்டுடுங்க. பொருள் கெட்டுப்போனா இன்னா பண்ண முடியும்?" என்றாள் ஆறுதலாக.

"எதுக்கு வுடணும்?" தீனதயாளன் போனை எடுத்தார். "சுபாவ வரச்சொல்றேன். டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் அவ. செல்போன் சர்வீஸ் கடையில வேலையே அதானே! உனுக்குத் தெரியாதா?"

கண்ணகிக்குத் தெரியாது. கையிலிருந்த தக்காளி நசுங்கியது.

திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. சுபஸ்ரீ ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். ஓட்டி வந்தவன் அவள் புருஷன் செழியன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் அவனுடையது. சொந்த ஊரும் மலைமேல்தான். ஒல்லியாக, அமைதியாக, நெற்றியில் ஒரு கீற்று விபூதியோடு இருந்தான்.

"வாங்க தம்பி, உக்காருங்க. டிரிப்பு இல்லியா இன்னிக்கு?"

"இல்லீங்கக்கா. சும்மாதான் இருக்கேன்." வாசற்படியோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், உள்ளே பார்த்தபடி உட்கார்ந்தான்.

கூடத்தில் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். இருபத்தாறு திருகாணி. சுபஸ்ரீ கழற்றக் கழற்ற, தீனதயாளன் எவர்சில்வர் தட்டில் வாங்கி வாங்கி வைத்தார். கல்யாண வீட்டில் புதுமாப்பிள்ளைகூட இவ்வளவு பணிவாகத் தட்டு ஏந்தி நின்றதில்லை என்று கண்ணகிக்குப் பட்டது. இவள் கல்யாணத்தில் நிச்சயமாக நின்றதில்லை.

"லைட்ட இப்பிடிக் காட்டுங்கண்ணே. இன்னும் கிட்ட."

அவர் கிட்டப் போனார். இரண்டு தலையும் ஒன்றாகக் கீபோர்டுக்குள் புகுந்தன.

"கட்டைக்கு அடியில ரப்பர் பட்டை இருக்கு பாருங்க. கட்டைய அழுத்துனா ரப்பரு போய் கீழ போர்டுல இருக்கிற கறுப்புப் பொட்டைத் தொடணும். தொட்டாத்தான் சத்தம். நடுவுல இன்னாவோ ஒட்டிக்கினு இருக்கு. அய்ய, எறும்பு! எம்மாந்தண்டி கூட்டம்!"

கண்ணகி சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

"இனிப்பு இன்னா ஊத்துனீங்க அண்ணே?"

"நானா? ஒண்ணும் இல்லியே... கண்ணகி! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதும்மேல பொட்டு வைக்கிறியே, சந்தனத்துல ஏதாச்சும் கலக்குறியா?"

"பன்னீருதான் கலக்குறேன்! சாமிப் பொருள்மேல சந்தேகப்படாதீங்க, நாக்கு அழுவிடும்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தாள். தீனதயாளன் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரப்பர் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் அலசினார்கள். வெயிலில் நேராகப் போட்டால் சுருங்கிவிடுமாம், நிழலில் காற்றாட உலர்த்த வேண்டுமாம். இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில், காக்காய் தூக்கிப் போகாமல் காவல் காத்தார்கள். ஒரு முழம் ரப்பருக்கு இரண்டு காவலா? ஒருத்தர் போதாதா? கண்ணகிக்கு அடிவயிற்றில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் எரிகிற அடுப்பில் டீயையும் போட்டாள், செழியனுக்கு.

"சோப்பு இருந்தா குடுங்கக்கா. கையெல்லாம் வண்டிக் கறை." கழுவிவிட்டு வந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். "டீ நல்லா இருக்கு."

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொண்டாட்டிய கொஞ்சம் கண்காணிப்பா வச்சிக்கணும்."

"சுபாவா? அது வேலைன்னு உக்காந்துட்டா சோறு தண்ணி தெரியாதுக்கா" என்று சிரித்தான்.

ஐயோ பாவம், வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டாள் கண்ணகி. மலையில் பிறந்த பிள்ளை, சூது வாது தெரியவில்லை. கூடத்தில் வாய் பிளந்து கிடக்கிற கீபோர்டுக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்துவிட்டு, மாடிப்படியின் பாதியில் போய் நின்று காது கொடுத்தாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டினார்கள். தேன் குடித்த மூன்று கட்டைகளும் கணீரென்று பேசின. தீனதயாளன் பூரித்துப்போய் மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டினார். வேறு இரண்டு கட்டைகள் 'டொக்', 'டொக்' என்றன.

"இன்னாண்ணே இது? மத்தியானம் பேசிக்கினு இருந்த கட்டையாச்சே!" சுபஸ்ரீ இடுப்பில் கை வைத்தாள். "இன்னிக்கு நேரமாயிடுச்சி. நாளைக்கு வந்து பாக்குறேன்."

நாளைக்குமா! கண்ணகி விரலை மடக்கிப் பார்த்தாள். தான் தொட்டது மூன்றே கட்டை. இந்த இரண்டும் எப்படிப் போயின? ஒருவேளை தேன் உள்ளேயே ஊர்ந்து போகுமோ?

செவ்வாய்க்கிழமை கழற்றிப் பார்த்ததில் எறும்பு இல்லை. கறுப்பாக ஒரு பிசுக்கு இருந்தது.

"கிரீஸு" என்றாள் சுபஸ்ரீ, விரலில் தேய்த்துப் பார்த்து. "கட்டை சத்தம் போடாம ஏறி எறங்க கம்பெனியிலயே மேலாக்க வச்சி அனுப்புவான். பங்குனி வெயிலுக்கு உருகி கீழ எறங்குது. ஒண்ணும் பயமில்ல, ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சா போயிடும்."

துடைத்தாள். தீனதயாளன் பஞ்சு கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் இருக்க முடியுமா? கண்ணகி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்தாள். காரம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வைத்தாள். சுபஸ்ரீ மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மூன்று தபா வாங்கிச் சாப்பிட்டாள்.

"அக்கா கை மணமே தனி. அண்ணே, நீங்க குடுத்து வச்சவரு!"

"அப்பிடியா?" என்றார் தீனதயாளன், இப்போதுதான் கேள்விப்பட்டவர்போல.

செழியன்தான் முதலில் எழுந்தான். கை கழுவிக்கொண்டு, "நீங்க பொறுமையா சாப்புடுங்க" என்று கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பிள்ளையின் அடக்கத்தைப் பார்க்கப் பார்க்கக் கண்ணகிக்கு மனசு இளகியது. இவனை ஏமாற்ற எப்படித்தான் மனம் வருகிறதோ அந்தப் பெண்ணுக்கு!

மாட்டிப் பார்த்தபோது நேற்றைய இரண்டும் பேசின. புதிதாக இன்னும் இரண்டு பேசவில்லை.

"நாளைக்கு வரேண்ணே."

அன்றைக்கு ராத்திரி கண்ணகி ஒரு முடிவுக்கு வந்தாள். கீபோர்டு கெட்டால் இவர் மலைக்குப் போகமாட்டார் என்று நினைத்தது தப்பு. கீபோர்டு கெட்டால் அவள் வீட்டுக்கு வருகிறாள். எனவே கீபோர்டு உடனே நன்றாகவேண்டும். சனிக்கிழமை ஒருநாள் இவர் கச்சேரிக்குப் போனால் போகட்டும். தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாளே, அதற்கு அது மேல்.

புதன்கிழமை காலை தீனதயாளன் கரும்புக் கொல்லைக்குக் கிளம்பியதும் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசாத இரண்டு கட்டைகளையும் அழுத்தினாள். மக்கர் பண்ணுகிற எதற்கும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து கட்டைக்கு நாலு சொட்டு விட்டாள். 'டொக்' என்றது நின்றுபோனது. சத்தம் குறைகிறதே, குணமாகிறது போல என்று பக்கத்துக் கட்டைகளுக்கும் இரண்டிரண்டு சொட்டு விட்டுவைத்தாள்.

மத்தியானம் சுபஸ்ரீ வந்து பார்த்தாள். ஏழு கட்டை போயிருந்தது.

"எண்ணெயாவே ஊத்துது அண்ணே! மொத்த கிரீஸும் உருகிடுச்சி போல. இந்தக் கூடம் சூடு ஜாஸ்தி. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கு பாருங்க. குளுமையா எடம் ஏதாச்சும் இருக்கா?"

"உள் ரூம்புல கூலர் இருக்கே!" என்றார் தீனதயாளன் உற்சாகமாக.

உள் ரூம் என்பது கண்ணகியும் அவரும் படுக்கிற ரூம். கட்டில்மேல் பழைய புடவையை விரித்து, கீபோர்டைக் கிடத்தி, அந்தப் பக்கம் ஒருத்தரும் இந்தப் பக்கம் ஒருத்தருமாக உட்கார்ந்தார்கள். கூலர் காற்று சில்லென்று வீசியது. அந்தக் கூலரைக் கண்ணகி போன வருஷம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கவைத்திருந்தாள்.

"கதவ கொஞ்சம் ஒருக்களிச்சி வைங்கக்கா, குளுமை வெளிய போவுது" என்றாள் சுபஸ்ரீ.

கண்ணகி கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எண்ணெய் ஊற்றியதும் தான், தேன் ஊற்றியதும் தான், கதவைச் சாத்தியதும் தானே. தன் கையாலேயே ஒருத்தியைக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்து, கூலரையும் போட்டுவிட்டிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வாசலிலிருந்த செழியன் நாற்காலியைக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு, ஒருக்களித்த கதவுக்கு நேராக வந்து உட்கார்ந்திருந்தான்.

"வெளிய வெயிலுக்கா" என்றான்.

"உக்காருங்க தம்பி, நல்லா உக்காருங்க" என்றாள். ஆறுதலுக்கு அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

வியாழக்கிழமை எண்ணெய் போனது; சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் பழையபடி கறுப்புக் கிரீஸ் வந்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்து மாட்டியபின்னும் இரண்டு கட்டைகள் 'டொக்'. எப்போதும் இரண்டு. எப்போதும் வேறு வேறு இரண்டு. டிப்ளமா படித்த சுபஸ்ரீக்கே தலை சுற்றியது.

"இது இங்க வச்சி சரியாவாதுண்ணே. ஒண்ணு பண்ணலாம். நாளைக்கே மலைக்குப் போயிடலாம். மேல குளிரு, கிரீஸு உருகாது. எங்க மாமியார் வூட்டுல தங்கிக்கலாம். கச்சேரியில நான் பாடாத நேரமெல்லாம் உங்க பக்கத்துலயே உக்காந்துக்குறேன். எந்தக் கட்டை போனாலும் ஒடனே கழட்டி மாட்டிடலாம்."

"பேஷ்!" என்றார் தீனதயாளன்.

ஒரு ராத்திரி இரண்டு ராத்திரியாகிவிட்டது. மேடையில் பக்கத்திலேயே வேறு உட்காரப்போகிறாளாம். கண்ணகி கையிலிருந்த டீத் தட்டை நங்கென்று கீழே வைத்தாள்.

"நானும் வரேன்!"

கூலர்கூட ஒரு விநாடி நின்றது போலிருந்தது. 'எதுக்கு?' என்று கேட்பார், கேட்டால் இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றாள்.

"வாயேன்!" தீனதயாளனின் முகம் மலர்ந்தது. "எத்தினி தபா கூப்டுருக்கேன்! கொசு கடிக்கும், குளிரடிக்கும்னு நீதானே வரமாட்டேன்ன? இருவது வருசமா வாசிக்கிறேன். நம்ம வூட்டுல ஒரு ஆளு வந்து முன்னால உக்காந்து கேக்கலியேன்னு எனக்கு எவ்ளோ கொறை தெரியுமா?"

கண்ணகி கீழே வைத்த டீத் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் சந்தேகத்தைச் சுத்தமாக விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. எட்டு மாதமாக வளர்த்தது அல்லவா?

வெள்ளிக்கிழமை காலை கீபோர்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஜீப்பில் ஏற்றினார்கள். மலைப்பாதையில் குலுங்கக் கூடாது என்று, அதைப் பின்சீட்டில் தீனதயாளன் மடிமேலும் சுபஸ்ரீ மடிமேலுமாகக் குறுக்கே வைத்துக்கொண்டார்கள். கண்ணகிக்கு முன்சீட்டுதான் கிடைத்தது. செழியன் வண்டியை எடுத்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி அணைக்கட்டும் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியது. காற்று மாறியது. பின்னாலிருந்து பேச்சுக் கேட்டுக்கொண்டே வந்தது.

"இந்த ரப்பரு பட்டை புதுசு மெட்ராஸ்ல கெடைக்குமா சுபா?"

"கெடைக்கும்ணே. ஆனா கார்பன் தேயாததா பாத்து வாங்கணும்."

கண்ணகி கழுத்தை எக்கி, முன்னால் தொங்கிய கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்க முயன்றாள். சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினாள்.

செழியன் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வளைவில் அவள் மறுபடி திருப்பினாள். அதற்கடுத்த வளைவில் அவன் திருப்பினான். நாலாவது வளைவில் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் கண்ணாடியைப் பிடித்தன. ஜீப் ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு போய்த் திரும்பியது.

"ரோட்டப் பாருங்க தம்பி!"

"பாக்குறேங்கக்கா."

பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தான். பின்சீட்டில் இரண்டு தலையும் மறுபடி கட்டைகள்மேல் குனிந்திருந்தன. கண்ணகி பெருமூச்சு விட்டாள். பக்கத்திலும் ஒரு பெருமூச்சு கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவனுடைய விரல் நகங்களில் கறுப்புக் கறை கோடு கட்டியிருந்தது.

செழியன் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து, பின்னால் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"எங்க மலைத்தேனு வாசனை எனக்குத் தெரியாதாக்கா? மொத நாளே புடிச்சிட்டேன். அடுத்த தபா தேனெல்லாம் ஊத்தாதீங்க, எறும்பு காட்டிக் குடுத்துடும். என்னை மாதிரி ஜீப்பு கிரீஸு வைங்க."